வண்டி வீடுகளுக்கு எதிராக நான் எழுதிய கடிதம்

ஓடைக்கரையில் வண்டி வீடுகளுக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று எங்கள் பகுதியிலிருந்து போன ஆட்சேபக் கடிதத்தை எழுதியவன் நான். அதில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒரு பெண், அந்த இடம் கிடைத்தால் கணவரோடும் மகளோடும் அங்கே போய்விடலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவர். அது தெரியாமல் அவரிடம் கையெழுத்து வாங்கியவனும் நான்தான். இதை நண்பர்கள் சிலரிடம் சொல்லப் பார்த்து, பாதியில் நிறுத்தியிருக்கிறேன். இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

நாங்கள் இருப்பது பிளாட் புஷ் என்ற புறநகரில். வீடுகள் எல்லாம் புதியவை, மரங்கள் இன்னும் தோள் உயரத்துக்கு வராதவை. தெரு முடிகிற இடத்தில் ஓர் ஓடை, அதை ஒட்டிப் புல்வெளி. புல்வெளிக்கு அப்பால், நகர நிர்வாகமான கவுன்சில் ஒருகாலத்தில் செடி வளர்த்துக் கைவிட்ட வேலியிட்ட நிலம். இரண்டு வருடமாகவே புல்வெளியின் கார் நிறுத்துமிடத்தில் பழைய வேன்களும், காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற கேரவன்களும் நிற்கத் தொடங்கியிருந்தன. விடுமுறைக்கு வந்தவர்கள் அல்ல, அதிலேயே குடியிருந்தவர்கள். சில நாளுக்கு ஒருமுறை கவுன்சில் ஆட்கள் வந்து கிளப்புவார்கள். அவர்கள் வேறொரு பூங்காவுக்குப் போய், மறுவாரம் திரும்பி வருவார்கள். இதற்கு ஒரு முடிவாக, அந்த வேலியிட்ட நிலத்தில் இருபது வண்டிகளுக்கு நிலையான இடம், குழாய், கழிப்பறை, குளிக்க வெந்நீர், மின்சாரம் எல்லாம் செய்து கொடுக்கலாமா என்று கருத்துக் கேட்டு எல்லார் தபால் பெட்டியிலும் ஒரு தாள் வந்தது.

எங்கள் பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. வழக்கமாக அதில் வீட்டுப்பாடமும் பொங்கல் விழாவுக்கு யார் வடை கொண்டுவருவது என்பதும்தான் பேசப்படும். அன்று குழு கொதித்தது.

"குப்பை, போதை, திருட்டு எல்லாம் நம்ம தெருவுக்கே வரப்போகுது. வீட்டு விலை என்னாகும்?" என்றார் ஒருவர்.

"நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுல ஊசி பாசி விக்கிறவங்க கூடாரம் போட்டுக்கிட்டு இருப்பாங்களே, அதே கதைதான். இது வெள்ளைக்கார வெர்ஷன்" என்றார் இன்னொருவர். அதற்குச் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. நானும் ஒன்று போட்டேன்.

மலேசியாவிலிருந்து வந்த ஓர் அக்கா மட்டும் "அவங்களும் மனுசங்கதானே லா, எங்க போவாங்க?" என்று கேட்டார்.

"அக்கா வீட்டுக்குப் பின்னாடி நல்ல இடம் இருக்கே!"

மறுபடியும் சிரிப்புப் பொம்மைகள்.

என் பயம் வீட்டு விலையைப் பற்றியது அல்ல. என் மகளுக்குப் பதினைந்து வயது. பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி அந்தப் புல்வெளி ஓரமாகத்தான் நடந்து வரவேண்டும். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வரும். ஒரு நாள் அவளை அழைத்துவரப் போனபோது, சட்டை போடாத ஒரு மனிதர் பூங்காக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து வணக்கம் சொல்வதுபோலத் தலையசைத்தார். அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து அவள் பேருந்தை விட்டு இறங்கியதும் எனக்குச் செய்தி அனுப்பவேண்டும் என்று சட்டம் போட்டேன். பத்து நிமிடம் தாமதமானால் அலுவலகத்தில் என்னால் ஒரு வரி படிக்க முடியாது.

"அப்பா, அங்க யாரும் ஒண்ணும் பண்ணல. சீரியஸ்லி, கொஞ்சம் சில் பண்ணுங்க" என்பாள். நான் சில் ஆகவில்லை. உட்கார்ந்து கடிதம் எழுதினேன்.

எனக்கு ஆங்கிலம் நன்றாக எழுதவரும். அலுவலகத்தில் மற்றவர்களின் அறிக்கைகளைத் திருத்துவதும் நான்தான். அந்தத் திறமை முழுவதையும் அந்தக் கடிதத்தில் இறக்கினேன். ஒரு வாக்கியம் எனக்கே மிகவும் பிடித்துப்போனது. இந்த இடத்தோடு எந்த ஒட்டுதலும் இல்லாதவர்கள், இன்று வந்து நாளை போகிறவர்கள், அவர்களுக்காக இங்கே வேர்விட்டிருக்கும் குடும்பங்கள் தங்கள் குழந்தைகளின் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கவேண்டுமா என்று கேட்கிற வாக்கியம். மனைவியிடம் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் ஜாஸ்தியா இல்ல?" என்றாள். இல்லை என்றேன்.

சனிக்கிழமை வகுப்பு நடக்கிற வாடகை மண்டபத்தில் கடிதத்தையும் கையெழுத்துத் தாள்களையும் ஓர் அட்டையில் சொருகி எடுத்துக்கொண்டு சுற்றினேன். பெயர், முகவரி, தொலைபேசி, கையெழுத்து என்று நான்கு கட்டம். யாரும் கடிதத்தைப் படிக்கவில்லை. "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிச் சொல்லிப் போட்டார்கள். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது.

அந்தப் பெண் சமையல்கட்டில் தேநீர்ப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மகள் மூன்றாம் வகுப்பில் படித்தாள். எல்லாருக்கும் முன்பே வந்து மண்டபத்தைத் திறந்து, கடைசியாகப் பூட்டிவிட்டுப் போகிறவர் அவர்தான். என்ன ஒரு சேவை மனப்பான்மை என்று ஆண்டுவிழாவில் அவருக்குச் சால்வை கூடப் போட்டிருக்கிறோம். அட்டையை நீட்டினேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கடிதத்தைப் படித்தார். அன்று அதை முழுதாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். "நல்லா எழுதியிருக்கிறீங்கள் அண்ணா" என்று சொல்லிப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். முகவரிக் கட்டத்தை விட்டுவிட்டார். நான் அதைக் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் ஐந்தாறு பேர் முகவரி எழுதாதது தெரிந்தது. கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்து செல்லாமல் போகலாம். தெரிந்த முகவரிகளை நானே எழுதினேன். அந்தப் பெண்ணின் முகவரி தெரியவில்லை. பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறார் என்று நினைத்து, எங்கள் வீட்டு முகவரியை 'கேர் ஆஃப்' என்று போட்டு எழுதிவிட்டேன். வெளியே இருப்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். எங்களுக்குள் இது சாதாரணம். நாங்கள் வந்த புதிதில் பக்கத்துப் பகுதியான மனுரேவாவில் ஒரு நண்பர் வீட்டு முகவரியில்தான் எங்கள் வங்கிக் கடிதம் வந்தது. அதன்பிறகு எத்தனையோ பேருடைய கடிதங்கள் எங்கள் பெட்டிக்கு வந்திருக்கின்றன. யாருடைய படிவம் காலியாக இருந்தாலும் கை தானாகப் போய் நிரப்பிவிடும். அது உதவி என்றுதான் நினைத்திருந்தேன்.

சில வாரம் கழித்து, கருத்துச் சொன்னவர்களை நேரில் கேட்கும் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. எங்கள் பெட்டியில் இரண்டு உறைகள். ஒன்று எனக்கு, ஒன்று அந்தப் பெண்ணுக்கு. பள்ளி விடுமுறை என்பதால் தமிழ் வகுப்பு இல்லை. அவருடைய உறையை அலமாரி மேல் வைத்தேன்.

கூட்டத்தில் காட்டப் படங்கள் வேண்டும் என்று, பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை புல்வெளிக்குப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து நாலைந்து படம் எடுத்து, உடனே குழுவுக்கும் அனுப்பினேன். பிறகு இன்னும் கிட்டே போனேன். கடைசியாக நின்ற கேரவனுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு கயிறு. அதில் காயப்போட்ட பள்ளிச் சீருடையை, நனையாமல் இருக்க, ஒரு பெண் அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தார். கைபேசியின் திரையில்தான் அவரை முதலில் அடையாளம் கண்டேன்.

அவரும் என்னைப் பார்த்துவிட்டார். சீருடையைச் சுருட்டி மார்போடு வைத்துக்கொண்டு, கேரவனின் கதவைத் திறந்தார். பிறகு, "வாங்கோ அண்ணா, மழையில நிக்காதேங்கோ" என்றார்.

கேரவனுக்குள் இரண்டு பேர் நிற்கலாம். மூன்றாவது ஆள் உட்கார்ந்தாகவேண்டும். குழந்தை மேல் படுக்கையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். எனக்குத் தேநீர் வந்தது. "எவ்வளவு நாளா?" என்றேன்.

"எட்டு மாசம். வாடகைக்கு இருந்த வீட்டை வீட்டுக்காரன் வித்துப்போட்டான். இந்தப் பக்கத்தில எங்களுக்கு ஏலுமான வீடு ஒண்டும் கிடைக்கேல்ல. பிள்ளை இதுக்கு முதல் ரெண்டு பள்ளிக்கூடம் மாறிட்டாள். இங்கதான் இப்ப சிநேகிதம் பிடிச்சிருக்கிறாள். திருப்பியும் மாத்த மனம் வரேல்ல."

அவர் கணவர் மனுரேவாவில் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். அன்றும் வேலைக்குப் போயிருந்தார். கவுன்சில் ஆட்கள் வருகிற நாளில் விடிவதற்குள் வண்டியைக் கட்டிக்கொண்டு வேறு பூங்காவுக்குப் போவார்கள். அங்கிருந்து குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுவார்கள். மண்டபத்துக்கு எல்லாருக்கும் முன்பே வருவது ஏன் என்றும் அப்போதுதான் சொன்னார். அங்கே சுடுதண்ணீர் உண்டு. குழந்தைக்குத் தலைக்கு வார்க்கலாம்.

"பிறகு ஏம்மா அதுல கையெழுத்துப் போட்டீங்க?" குரல் எனக்கே உரத்துக் கேட்டது.

"எல்லாரும் போடேக்க நான் மட்டும் மாட்டன் எண்டா, ஏன் எண்டு கேப்பினம்தானே? நீங்களே கேட்டிருப்பீங்கள்." சிரித்தார். "என்ர ஒரு கையெழுத்தால என்ன வந்திடப்போகுது எண்டுதான் போட்டனான். அந்த இடம் வந்திடும் அண்ணா. ஒரு குழாயும் ஒரு கரண்ட் பொயின்ற்றும் இருந்தா இந்தக் குளிரைத் தாண்டிடுவம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் நடக்கிற தூரம்."

எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மாதான் இருக்கிறது, வந்து இருங்கள் என்றேன். அந்த நேரத்தில் சொல்லத் தோன்றியதைச் சொன்னேன். மனைவியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

"வேண்டாம் அண்ணா. உங்கட வீட்டில வந்து இருந்தா அடுத்த சனிக்கிழமையே எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அதுக்குப் பிறகு நான் அங்க எந்த முகத்தோட தேத்தண்ணி ஊத்திறது? இவள் என்ன செய்வாள்? நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. அது போதும்."

மேலே குழந்தை வரைவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லமாட்டேன் என்றேன்.

வெளியே வந்ததும் குழுவுக்கு அனுப்பிய படங்களை நீக்கினேன். பதினைந்து பேர் அதற்குள் பார்த்திருந்தார்கள்.

மறுநாள் கவுன்சில் அலுவலகத்தைக் கூப்பிட்டு, கடிதத்தைத் திரும்பப் பெறவேண்டும் என்றேன். பேசிய பெண் பொறுமையாக விளக்கினார். என் பெயரை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மற்றவர்கள் கையெழுத்திட்டிருப்பதால் கடிதம் அவர்களுடையதும்தான். அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிக் கேட்டால் ஒழிய அது அப்படியே இருக்கும். ஒரு கையெழுத்தின் முகவரியை நான் எழுதியதையும் ஒப்புக்கொண்டேன். குறித்துக்கொள்கிறேன் என்றார். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆக, நான் எழுதிய கடிதத்திலிருந்து நான் மட்டும் வெளியே வந்தேன். என் வாக்கியங்கள் உள்ளே இருந்தன.

அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவர் பெயருக்கு எங்கள் பெட்டியில் உறை வந்திருப்பதைச் சொல்லி, கையெழுத்தைத் திரும்பப் பெற எழுதிக் கேட்கலாமே என்றேன். "பேர் வெளியில வருமோ?" என்றார். கூட்ட அறிக்கையில் வரலாம் என்றேன். "அப்ப விடுங்கோ" என்றார்.

பிறகு தமிழ் வகுப்புக்காரர்களிடம் போய்ப் பேசினேன். குறைந்தது நாலு பேராவது கையெழுத்தைத் திரும்ப வாங்கட்டும் என்று. காரணம் சொல்லாமல் எப்படிப் பேசுவது? பாவம், அவர்களுக்கும் இடம் வேண்டாமா என்றேன். போன மாதம் நேர்மாறாகப் பேசியவன் நான். குழுவில் ஆரம்பித்துவிட்டது.

"சார் திடீர்னு மகான் ஆயிட்டாரு."

"கேரவன் ஒண்ணு வாங்கப் போறாரு போல. ஓசி கரண்ட்!"

"எங்ககிட்ட கையெழுத்து வாங்கும்போது இந்தக் கருணை எங்க சார் போச்சு?"

கடைசியாகக் கேட்டவர் கேட்டது நியாயம்தான். என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அது என்னுடையது இல்லை. மலேசிய அக்கா மட்டும் தனியே கூப்பிட்டு, "என்னாச்சு தம்பி, நல்லா இருக்கீங்கதானே?" என்று கேட்டார். நல்லா இருக்கிறேன் என்றேன். அவர் மட்டும் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார், அந்த இடம் வரட்டும் என்று.

கூட்டம் நூலகத்தின் மேல்மாடியில் நடந்தது. ஆளுக்கு ஐந்து நிமிடம். எனக்கு முன்னால் பேசிய ஒருவர் என் கடிதத்தை அப்படியே படித்தார். எனக்கு மிகவும் பிடித்த அந்த வாக்கியத்தில் குரலை உயர்த்தினார். பின்வரிசையில் கைதட்டினார்கள். அடுத்து நான் எழுந்து, இந்தக் கடிதத்தை எழுதியவன் நான், அதில் சொன்னவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாமல் எழுதினேன், அவர்களில் நம் பள்ளியில் படிக்கிற குழந்தைகள் இருக்கிறார்கள், நம்மோடு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த இடத்தைக் கொடுங்கள் என்றேன். கருத்துக் கேட்க உட்கார்ந்திருந்த கவுன்சில் உறுப்பினர்களில் ஒருவர், அப்படி யாரையாவது உங்களுக்குத் தெரியுமா, அவர்கள் இங்கே வந்து பேசுவார்களா என்று மரியாதையாகக் கேட்டார்.

அவர் கேட்டதில் தவறு இல்லை. ஒரு முகத்தைப் பார்த்தால் அவர்கள் மனம் மாறியிருக்கலாம் என்று இன்னமும் நினைக்கிறேன். நான் என்ன சொன்னேன்? சொல்ல அனுமதி இல்லை என்றேன். அப்படிச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். எனக்கு இன்னும் மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது.

அந்த வாரமே அது வந்தது. எங்கள் பகுதிக்காரர்கள் பார்க்கிற பொதுப் பக்கத்தில் ஒரு படம். நான் தூரத்திலிருந்து எடுத்து, குழுவுக்கு அனுப்பி, நீக்கிய படம். யார் எடுத்துவைத்திருந்தார்கள், யார் போட்டார்கள் என்று தெரியாது. கடைசிக் கேரவனும், கயிறும், கயிற்றில் தொங்கும் சின்னச் சீருடையும் அதில் இருந்தன. அதற்கு மேல் என் வாக்கியம். இன்று வந்து நாளை போகிறவர்கள். கீழே நூற்றுக்கணக்கில் கருத்துகள். அந்தக் குழந்தையை அரசாங்கம் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று ஒருவர். சீருடையை வைத்து எந்தப் பள்ளி என்று கண்டுபிடித்து எழுதியவர் இன்னொருவர்.

என் மகள்தான் காட்டினாள். "அப்பா, இது நீங்க எழுதினதுதானே?" என்றாள். ஆமாம் என்றேன். படத்தை நீக்கச் சொல்லிப் புகார் செய்தேன். இரண்டு நாளில் நீக்கினார்கள். அந்த இரண்டு நாளும் என் மகள் பேருந்திலிருந்து இறங்கும் நேரத்தில் நான் நினைத்தது வேறொரு குழந்தையை.

அந்தப் பெண் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கூப்பிட்டபோது, "பிள்ளையின்ர ரீச்சர் கேட்டவா, எல்லாம் சரியோ எண்டு. நல்ல மனுசி" என்றார். பிறகு, "இவர் தூரத்தில, ஹமில்டன் பக்கம் வேலை ஒண்டு பாத்திருக்கிறார்" என்றார். படத்தை எடுத்தது நான் என்று சொன்னேன். "தெரியும் அண்ணா. நீங்கள்தானே அண்டைக்குப் போனோட நிண்டனீங்கள்" என்றார்.

கவுன்சில் அந்தத் திட்டத்தை மறுக்கவில்லை. வெள்ளம், போக்குவரத்து பற்றி இன்னும் ஆய்வு தேவை என்று அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தது. குழுவில் அதை வெற்றி என்று கொண்டாடினார்கள். குளிர்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார்கள். உதவிக்கு வரவா என்று கேட்டிருந்தேன். வரவேண்டாம் என்று சொல்லவில்லை. நான் போனபோது எல்லாம் கட்டி முடித்திருந்தார்கள். கணவரை அன்றுதான் முதன்முறை கிட்டத்தில் பார்த்தேன். என்னைவிடச் சின்னவர், தலை நரைத்திருந்தது. எனக்குக் கை கொடுத்தார். மனைவி எவ்வளவு சொல்லியிருந்தார் என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை. மண் ஈரமாக இருந்ததால் கேரவனைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பவேண்டியிருந்தது. பக்கத்தில் மரத்தூண்கள்.

"அண்ணை, பின்னுக்கு நிண்டு ஒருக்கா பாத்துச் சொல்லுறீங்களோ?" என்றார்.

பின்னால் போய் நின்றேன். "வாங்க, வாங்க. கொஞ்சம் லெஃப்ட். இன்னும் வரலாம். நிறுத்துங்க!" தூணுக்கும் வண்டிக்கும் ஒரு சாண் இடைவெளி. முன்னே போய், மறுபடி பின்னே வந்து, நாலாவது தடவை திரும்பியது. குழந்தை காரின் பின்கண்ணாடி வழியாக நான் கை ஆட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் சன்னலை இறக்கி, "வீட்டில அக்காவிட்டச் சொல்லுங்கோ, போட்டு வாறம் எண்டு" என்றார். வண்டி புல்லை உழுதுகொண்டு சாலையில் ஏறியது.

அப்போது நாயோடு நடந்துவந்த ஒரு வயதான வெள்ளைக்காரர் என் அருகில் நின்றார். நூலகக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தவர் என்று நினைக்கிறேன். நான் கை காட்டி வண்டியை வெளியே அனுப்புவதை முழுதும் பார்த்திருக்கிறார். "குட் ஆன் யூ, மேட்" என்று என் தோளில் தட்டினார். ஒருவழியாகக் கிளப்பிவிட்டாயே என்ற பாராட்டு. விளக்கத் தொடங்கினால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. யாரைப் பற்றி என்று சொல்லவும் எனக்கு அனுமதி இல்லை.

தலையை ஆட்டினேன். அவர் நாயை இழுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனார்.